கஷ்டமான பிட்டு உதட்டில் உட்காரும் வரை: ட்ரம்பெட் வாசிப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

காங்கேயம் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் எங்கள் பேண்டு செட்டு. ஒரு பாட்டின் முன்னிசையை ட்ரம்பெட்டில் வாசிப்பது என் பங்காக வந்தது. எட்டே ஸ்வரம், மாயாமாளவகௌளை ராகத்தில் ச ரி க ம ப த நி ச, கீழ் ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரை ஒரே ஓட்டம். முந்தின இரவு மொட்டை மாடியில் நின்று அதை ஐம்பது தடவைக்கு மேல் வாசித்துவிட்டுத்தான் போனேன். ஊர்வலத்தில் அந்த இடம் மூன்று முறை வந்தது, மூன்று முறையும் பஞ்சமத்துக்கு அடுத்த ஸ்வரத்தில் தெறித்தது. முடிந்ததும் எங்கள் மாஸ்டர் கூப்பிட்டார்.

“நேத்து எத்தன தடவ ஊதுன கண்ணு?”

“அம்பதுக்கு மேல இருக்குமுங்க மாஸ்டர்.”

“அதுல சுத்தமா வந்தது?”

“ஏழெட்டு வந்துச்சுங்க.”

“அப்ப உன்ற உதட்டுல நேத்து இருந்ததப் பூராத்தையும் தப்புக்கே செலவு பண்ணிப்போட்ட. இன்னிக்குக் கல்யாணத்துக்கு என்னத்த மிச்சம் வெச்ச?”

அன்றிலிருந்து என் பழக்கமே மாறியது. கீபோர்டு வாசிப்பவர் ஒரு பிட்டை, அதாவது பாட்டில் வரும் ஒரு சின்ன இசைத் துண்டை, நூறு தடவை வாசிக்கலாம், விரல் தாங்கும். ட்ரம்பெட்டில் சத்தத்தை உண்டாக்குவதே உதடுதான். மேல் ஸ்தாயிப் பிட்டு ஒன்றை உதடு கெடாமல் ஒரு நாளைக்கு இத்தனை தடவைதான் ஊத முடியும் என்று ஒரு கணக்கு இருக்கிறது, அது ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் கணக்கு இல்லாத ஆள் கிடையாது. கைதேர்ந்தவர்கள் கஷ்டமான பிட்டுக்கு ஒதுக்கும் நேரத்தில் பெரும்பகுதியை உதட்டில் கருவி இல்லாமலே செலவிடுவது இதனால்தான். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றை மனதில் வைத்துத்தான். யூஃபோனியம், கார்னெட் போன்ற வால்வு வைத்த பித்தளைக் கருவிகளுக்கும் அப்படியே பொருந்தும். ட்ராம்போன்காரர்கள் விரல் என்று வரும் இடத்தில் ஸ்லைடு என்று படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கருவியைப் பாருங்கள்

இது ஐந்து நிமிட வேலை. வலது கை விரலால் அழுத்தும் மூன்று பொத்தான்கள்தான் வால்வு. மூன்று வால்வையும் ஒவ்வொன்றாக அழுத்தி விடுங்கள். உடனே துள்ளி மேலே வரவில்லை என்றால் கழற்றித் துடைத்து வால்வு ஆயில் விடுங்கள். மூன்றாவது வால்வு சோம்பலாக எழும் ட்ரம்பெட்டை வைத்துக்கொண்டு விரலைத் திட்டிக்கொண்டிருந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஊதுவதற்கு முன்னால் பாடுங்கள்

சிகாகோ சிம்பொனி இசைக்குழுவில் 1944 முதல் 1988 வரை டியூபா என்ற பெரிய பித்தளைக் கருவியை வாசித்த ஆர்னால்டு ஜேக்கப்ஸ், பித்தளைக் கருவி வாசிப்பவர்களுக்கெல்லாம் ஆசானாக இருந்தவர். அவர் கற்றுக்கொடுத்ததை ‘சாங் அண்ட் விண்ட்’ என்று இரண்டே சொல்லில் சுருக்குவார்கள். பாட்டும் காற்றும். மனதுக்குள் ஸ்வரம் தெளிவாக ஒலித்தால், காற்றும் தாராளமாக இருந்தால், உதடு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. உதட்டை எப்படி வைப்பது என்று யோசித்தே வாசிப்பு கட்டிப்போனவர்களுக்கு இது பெரிய விடுதலை.

நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஸ்வரம் சொல்லிப் பாடுவது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கையில் இருக்கும் சாதாரண ட்ரம்பெட் பி ஃப்ளாட் கருவி, அதாவது நீங்கள் சி என்று வாசிப்பது கீபோர்டில் பி ஃப்ளாட், நம் கணக்கில் ஆறரைக் கட்டை. போனில் ஒரு தம்புரா ஆப்பை ஆறரைக் கட்டையில் போட்டுவிட்டு, சி-யை ஷட்ஜமாக வைத்து, பிட்டை மெதுவாகப் பாடுங்கள். பாடும்போதே விரல் வால்வில் ஓடட்டும். இந்த ஒரு வேலையிலேயே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்: பாடத் தெரியாத ஸ்வரத்தை ஊதவும் முடியாது. எனக்குச் சுத்த தைவதம், அதாவது இந்த ராகத்தின் த, பாடும்போதே கொஞ்சம் மேலே ஏறிக்கொண்டிருந்தது, அதை முதலில் சரிசெய்ய வேண்டியிருந்தது.

எந்த மூட்டில் உடைகிறது

“அந்த இடம் வர மாட்டேங்குது” என்று சொல்வோம். அந்த இடம் என்பது எட்டு ஸ்வரமும் இல்லை, பெரும்பாலும் இரண்டு ஸ்வரத்துக்கு நடுவில் இருக்கும் ஒரு மூட்டு. போனில் பதிவு செய்து, வேகத்தைப் பாதியாக்கிக் கேளுங்கள். தெறித்த ஸ்வரத்தை விட்டுவிட்டு அதற்கு முந்தின ஸ்வரத்தைக் கவனியுங்கள். அது ஏற்கெனவே சுருங்கியிருக்கும், அல்லது அவசரமாக முடிந்திருக்கும்.

ஏன் சில மூட்டு மட்டும் உடைகிறது என்பதற்கு நம்ம ஊர் தாரையையும் கொம்பையும் நினைத்துக்கொள்ளுங்கள். மாரியம்மன் நோம்பியில் கேட்டிருப்பீர்கள். அவற்றில் வால்வு கிடையாது, குழாயின் நீளம் மாறாது. உதட்டை இறுக்கித் தளர்த்தி, காற்றைக் கூட்டிக் குறைத்து, படி படியாகத்தான் ஏறி இறங்க முடியும். ட்ரம்பெட்டிலும் வால்வு எதையும் தொடாமல் ஊதினால் அப்படித்தான்: கீழ் ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம், அதற்கு மேல் காந்தாரம், பஞ்சமம் என்று படிகள். நடுவில் இருக்கும் ஸ்வரங்களுக்காகத்தான் வால்வு. இரண்டாவது வால்வு அரை ஸ்வரம் இறக்கும், முதல் வால்வு முழு ஸ்வரம், மூன்றாவது ஒன்றரை. வால்வு எப்போதும் இறக்க மட்டும்தான் செய்யும். ஏற்றுவது உதடும் காற்றும்.

இப்போது நம் எட்டு ஸ்வரத்தைப் பிரித்துப் பார்ப்போம். ஷட்ஜம் வால்வு இல்லாமல். சுத்த ரிஷபத்துக்கு மூன்று வால்வும் சேர்ந்து. காந்தாரம் ஒன்றும் இரண்டும், மத்யமம் ஒன்று மட்டும், பஞ்சமம் வால்வு இல்லாமல். சுத்த தைவதம் இரண்டும் மூன்றும், நிஷாதம் இரண்டு மட்டும், மேல் ஷட்ஜம் மறுபடி வால்வு இல்லாமல். ரி க ம ப நான்கும் பஞ்சமத்தின் படியிலிருந்து இறக்கப்பட்டவை, உதடு அசையாமல் விரலை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்தால் போதும். த நி ச மூன்றும் மேல் ஷட்ஜத்தின் படியைச் சேர்ந்தவை. ஆக எட்டு ஸ்வரத்தில் உதடு படி தாண்டுவது இரண்டே இடம், ச-விலிருந்து ரி, ப-விலிருந்து த. காதுக்கு இரண்டுமே வெறும் அரை ஸ்வரம். உதட்டுக்கோ அடுத்த படி, விரலுக்கோ காலியாக இருந்த கையை ஒரே சமயத்தில் இரண்டு மூன்று வால்வில் இறக்கும் வேலை, அதுவும் ஸ்வரம் மேலே போகும்போது குழாய் நீளமாகிறது. நான் காங்கேயத்தில் மூன்று முறையும் விழுந்தது இரண்டாவது மூட்டில். ஐம்பது தடவை எட்டு ஸ்வரத்தையும் வாசித்தேன், பழக வேண்டியிருந்தது இரண்டு ஸ்வரம்.

உங்கள் பிட்டையும் இப்படி ஒரு தாளில் எழுதி, படி மாறும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். கருவியைத் தொடவே வேண்டாம். பதினாறு ஸ்வரத்தில் மூன்று நான்கு கோடுதான் விழும்.

தப்பான ஸ்வரத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள்

இதை எனக்கு முன்னாலேயே யாராவது சொல்லியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன். ப-விலிருந்து த போகும்போது தவறினால் என்ன ஸ்வரம் வந்தது என்று கேளுங்கள். மேல் ஷட்ஜம் பளிச்சென்று எட்டிப் பார்த்ததா? உதடு சரியான படிக்கு ஏறிவிட்டது, விரல் தாமதம். கீழே சாதாரண காந்தாரம் (இந்த ராகத்தின் க-வைவிட அரை ஸ்வரம் கீழே இருப்பது) மாதிரி ஒரு ஸ்வரம் முனகியதா? விரல் போய்விட்டது, உதடும் காற்றும் பழைய படியிலேயே நிற்கின்றன. சத்தமே வராமல் வெறும் காற்று போனதா, அப்படியானால் காற்று அறுந்திருக்கிறது அல்லது உதடு களைத்துவிட்டது.

ச-விலிருந்து ரி மூட்டிலும் இதே மாதிரிதான். நடுவில் பஞ்சமம் கேட்டால் விரல் தாமதம். தரைக்கடியிலிருந்து வருவது போல ஆழமான ஒரு ஸ்வரம், கருவியின் ஆகக் கீழ் ஸ்வரம், வந்தால் உதடு ஏறவில்லை.

விரல் தாமதம் என்றால் உதட்டைக் களைப்பாக்க ஒரு அவசியமும் இல்லை. ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு, பாடியபடி, வால்வு அடியில் போய் ‘டப்’ என்று இடிக்கும் சத்தம் கேட்கிற மாதிரி விரலை இறக்குங்கள். மெதுவாக வாசிக்கும்போதும் விரல் வேகமாகத்தான் இறங்க வேண்டும். மெதுவான பிட்டு என்று விரலையும் மெதுவாக இறக்கிப் பழகினால், வேகம் ஏறும்போது அந்தச் சோம்பல் அப்படியே கூட வரும். இரண்டும் மூன்றும் சேர்ந்து இறங்கும்போது மோதிர விரல் பின்தங்கும், எல்லோருக்கும் அப்படித்தான். பஸ்ஸில் போகும்போது தொடையில் தட்டிப் பழகலாம், நான் பெருந்துறையிலிருந்து ஈரோடு போகும் வரை அதைத்தான் செய்வேன்.

காற்று, காகிதம், மவுத்பீஸ்

உதடும் காற்றும்தான் பின்தங்குகின்றன என்று தெரிந்தால் வேலை வேறு. பஸ் டிக்கெட் அளவுக்கு ஒரு காகிதத் துண்டை எடுத்து சுவரில் வைத்து, ஒரு ஜாண் தள்ளி நின்று, காற்றாலேயே அது விழாமல் பிடித்துக்கொண்டு, மனதுக்குள் பிட்டைப் பாடுங்கள், விரலையும் காற்றில் ஓட்டுங்கள். ப-விலிருந்து த வரும் இடத்தில் காகிதம் துடிக்கும், அல்லது விழும். காற்று அந்த இடத்தில் பயந்து நிற்கிறது என்று அர்த்தம். நம் கண்ணுக்கே தெரிகிறது பாருங்கள், இதைவிடத் தெளிவான வாத்தியார் கிடையாது. கஷ்டமான மூட்டு வருகிறது என்று மனம் சொன்னதுமே நெஞ்சு கொஞ்சம் இறுகும், காற்று ஒரு நொடியில் சிறு பங்கு அறும், அதற்குள் ஸ்வரம் போய்விடும். காகிதம் அசையாமல் நிற்கும் வரை ட்ரம்பெட்டை எடுக்காதீர்கள்.

அடுத்தது உதட்டில் வைத்து ஊதும் முனையான மவுத்பீஸை மட்டும் கழற்றிக் கையில் எடுத்து, இரண்டு விரலால் லேசாகப் பிடித்து, ம ப த நி என்று ஒரே மூச்சில் இழுத்து ஊதுங்கள். மவுத்பீஸில் படிகள் கிடையாது, வால்வும் கிடையாது, அதனால் உங்கள் உதடு எங்கே நிற்கிறதோ அந்த ஸ்வரம்தான் வரும், தம்புராவோடு ஒட்டிப் பார்க்கலாம். நாலு தடவை போதும். இதுவும் உதட்டுக் கணக்கில் சேரும்.

அப்புறம் ட்ரம்பெட்டில், ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாக்கால் தட்டித் தொடங்காமல், எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டி, அதாவது ஸ்லராக, வாசியுங்கள். ஸ்லரில் சுத்தமாக வராத பிட்டு நாக்கு வைத்து வந்தால் அது ஏமாற்று, நாக்கு அடிக்கும் அடியில் ஓட்டை மறைந்திருக்கிறது. களைத்த நாளில் அது வெளியே வந்துவிடும்.

வேகம் ஏற்றும் விதம்

நம் பிட்டு மெட்ரோனோமில், அதாவது தாளம் தட்டிக்காட்டும் கருவியில், நிமிடத்துக்கு 108 அடி, அடிக்கு நான்கு ஸ்வரம் என்று வைத்துக்கொள்வோம். 60இல் அடிக்கு இரண்டு ஸ்வரமாகத் தொடங்குங்கள். அங்கேயும் தவறினால் இன்னும் இறக்குங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. அடுத்தடுத்து மூன்று முறை சுத்தமாக வந்தால் நான்கு எண் ஏற்றுங்கள், ஒரு முறை தவறினால் எட்டு எண் இறக்குங்கள். ஒரு உட்காரலில் மொத்தம் எட்டு பத்து முயற்சிக்கு மேல் வேண்டாம். நாளைக்கு இன்றைய முடிவிலிருந்து தொடங்காமல் கொஞ்சம் கீழிருந்து தொடங்குங்கள்.

இந்த ஏணி மட்டும் போதாது என்பது என் அனுபவம். மெதுவாக வாசிக்கும்போது உதடு ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்கு நிதானமாக நகர்கிறது, முழு வேகத்தில் அந்த அசைவே வேறு மாதிரி இருக்கும். அதனால் கூடவே இன்னொன்றும் செய்யுங்கள்: ப த, இரண்டே ஸ்வரம், முழு வேகத்தில், த-வில் நின்று நன்றாக ஒலிக்க விடுங்கள். மூச்சு விடுங்கள். மறுபடி. அது உட்கார்ந்ததும் ப த நி. அப்புறம் ம ப த நி. முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு ஸ்வரமாக ஒட்டிக்கொண்டே போங்கள். பிட்டின் கடைசியிலிருந்து பின்னோக்கி இப்படிச் சேர்ப்பது இன்னும் நல்லது, ஏனென்றால் போகப் போகப் பழகிய இடத்துக்குள் நுழைவீர்கள், தெரியாத இடத்துக்குள் இல்லை.

தாளத்தை மாற்றி வாசிப்பதும் பலன் தரும். ஒரு ஸ்வரம் நீளம், அடுத்தது குட்டை, பிறகு தலைகீழாக. நீளமான ஸ்வரத்தில் உதடு தயாராகும், குட்டையில் பாயும்.

நாக்கு: தூ, டூ அல்ல

பிரெஞ்சு கார்னெட் கலைஞர் ஆர்பன் எழுதி 1864இல் வெளிவந்த கார்னெட் பாடமுறைதான் இன்று வரைக்கும் உலகம் முழுக்க ட்ரம்பெட்காரர்களுக்கு அடிப்படை. அதில் நாக்கு வைப்பதற்கான எழுத்துகள் ரோமன் எழுத்தில் இருக்கும். நம் ஆட்கள் அதை ‘டூ’ என்று படிக்கிறார்கள். ட சொல்லும்போது நம் நாக்கு பின்னால் மடங்கி மேலண்ணத்தைத் தொடும். அங்கிருந்து நாக்கு முன்னால் வருவதற்குள் காற்று தடுமாறும், வேகமும் கிடைக்காது. ‘தூ’ என்று சொல்லுங்கள், நாக்கு நுனி மேல் பல்லின் வேரில் பட்டு விலகும். இந்த ஒரு மாற்றத்தில் சின்னப் பையன்கள் வாசிப்பு ஒரே வாரத்தில் சுத்தமானதைப் பார்த்திருக்கிறேன்.

ஒற்றை நாக்கு எட்டாத வேகத்தில் த க த க. மூன்று மூன்றாக வந்தால் தகிட இருக்கவே இருக்கிறது, மிருதங்கச் சொல்லை நாம் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை. க எப்போதும் பலவீனமாக விழும், அதனால் தினமும் ஒரே ஸ்வரத்தில் க க க க என்று மட்டும் கொஞ்ச நேரம் வாசியுங்கள். கஷ்டமான பிட்டின் தாளத்தை முதலில் ஒரே ஸ்வரத்தில் நாக்கால் வாசித்துப் பாருங்கள். அங்கே வந்துவிட்டு பிட்டில் மட்டும் வரவில்லை என்றால் நாக்கும் விரலும் ஒன்றாகச் சேரவில்லை, திரும்ப மடியில் வைத்து ‘டப்’ வேலைக்குப் போங்கள்.

மேல் ஸ்தாயி

மேலே இருக்கும் பிட்டை முதலில் ஒரு ஸ்தாயி கீழே படியுங்கள். ஸ்வரம், தாளம், நாக்கு, மூச்சு எடுக்கும் இடம் எல்லாம் அங்கேயே முடியட்டும். ஆனால் விரல்கள் மேலும் கீழும் ஒன்றாக இருக்காது, மேலே பல ஸ்வரத்துக்கு வால்வு குறைவு, படிகள் நெருக்கம். ஆகவே விரலை மட்டும் மேல் ஸ்தாயிக்கு உரியபடி தனியாகப் பழகிக்கொள்ளுங்கள். ஸ்வரம் ஏறவில்லை என்றதும் இடது கை தானாக மவுத்பீஸை உதட்டில் அழுத்தும். அழுத்தினால் அப்போதைக்கு வரும், ஆனால் உதட்டில் ரத்த ஓட்டம் நின்று, பத்து நிமிஷத்தில் நடு ஸ்தாயியும் போய்விடும். வாசித்து முடித்ததும் கண்ணாடியில் பாருங்கள், ஆழமான வளையம் கால் மணி நேரம் கழித்தும் மறையாமல் இருந்தால் அழுத்தம் அதிகம்.

உதட்டுக் கணக்கு

வாசித்த நேரம் அளவுக்கு ஓய்வு. பத்து நிமிடம் ஊதினால் பத்து நிமிடம் கீழே வையுங்கள், அந்த ஓய்வில்தான் பாடுவதும் விரல் வேலையும் காகிதமும். நாளுக்குக் கஷ்டமான பிட்டுக்கு என்று இரண்டு உட்காரல், காலையில் ஒன்று, பொழுதோட ஒன்று. உதடு மரத்தாலும் வலித்தாலும் அன்றைக்கு அவ்வளவுதான். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் கஷ்டமான பிட்டை ஊதவே ஊதாதீர்கள், பாடுங்கள்.

பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் இருப்பவர்களுக்கு ஆடி மாசம் தனிக் கவலை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் உதடு வறண்டு வெடிக்கும். இரவில் கொஞ்சம் நெய்யோ தேங்காய் எண்ணெயோ தடவிப் படுங்கள், ஊதும் முன் துடைத்துவிடுங்கள்.

எங்கே பழகுவது என்பதும் முக்கியம். நான் கீழ்பவானி வாய்க்கால் கரையில் ஊதுவேன், யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் திறந்த வெளியில் நம் சத்தம் நமக்குத் திரும்பி வராது, அதனால் தேவைக்கு மேல் ஊதிவிடுவோம். நுணுக்கமான வேலையைச் சுவர் இருக்கும் இடத்தில் செய்துவிட்டு, கடைசிச் சுற்றை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு தடவை

ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரின் 5ஆம் சிம்பொனி ஒற்றை ட்ரம்பெட்டுடன் தொடங்கும். மேடையில் மற்ற எல்லோரும் சும்மா இருக்க, ஒருவர் மட்டும் ஊத வேண்டும், இரண்டாவது வாய்ப்பு கிடையாது. நம் முகூர்த்தமும் அப்படித்தான், விடியற்காலை, மார்கழி தாண்டிய தை மாதக் குளிர், உதடு தூங்கிக்கொண்டிருக்கிறது, தாலி ஏறும் நேரம் நமக்காகக் காத்திருக்காது.

எனவே பிட்டு உட்கார்ந்துவிட்டது என்று தோன்றியதும் பத்தாவது தடவை எப்படி வருகிறது என்று பார்க்காதீர்கள். தினமும் உதட்டைக் கொஞ்சம் சூடுபண்ணிவிட்டு, முதல் முயற்சி மட்டும், பதிவு செய்து, நோட்டில் வந்தது அல்லது வரவில்லை என்று எழுதுங்கள். அடுத்தடுத்து ஐந்து நாள் முதல் தடவையிலேயே வந்தால்தான் அது உங்களுடையது. பிறகு பிட்டுக்கு முன்னால் இருக்கும் எட்டு அடியிலிருந்து தொடங்கி வாசியுங்கள், அங்கே மூச்சு எங்கே எடுப்பது என்பதே பாதிப் பிரச்சினை. பிறகு நடந்துகொண்டே. பேண்டு செட்டில் ஊர்வலத்தில் நடந்தபடிதான் ஊதப் போகிறோம், ஒவ்வொரு அடிக்கும் மவுத்பீஸ் உதட்டில் இடிக்கும், முழங்காலை லேசாகத் தளர்த்தி நடக்கப் பழகுங்கள். வெயில் நேர ஊர்வலம் என்றால் கருவிக்குள் இருக்கும் காற்று சூடேறி ஸ்ருதி மேலே போகும், ஸ்ருதி சேர்க்கும் குழாயான ட்யூனிங் ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே இழுத்துக்கொள்ள மறக்க வேண்டாம்.

அன்றைக்கு அந்த மூட்டு வருவதற்கு இரண்டு ஸ்வரம் முன்பே த-வை மனதுக்குள் பாடிவிடுங்கள், காற்றை நிறுத்தாமல் தள்ளுங்கள். தெறித்தால் திரும்பிப் போய்த் தேடாதீர்கள், சைடு டிரம் அடுத்த அடியில் இருக்கும், நீங்களும் அங்கே இருங்கள். வந்தது கீழ் ஸ்வரமா மேல் ஸ்வரமா என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் நோட்டில் எழுதுங்கள்.